உளுந்தளவு தோலை அனுப்புங்கோ, அம்மாவை அலைக்காதேங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். போன மாசம் உங்கட ஞாயிறுப் பேப்பரில ஒரு விளம்பரம் வந்தது, சொறி, சிரங்கு, படை, வெண்புள்ளி, பொக்களம், ஆறாத புண் எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய், 21 நாளில சுகம் எண்டு. அதைப் பாத்த உடன எனக்குக் கை நடுங்கினது, ஏனெண்டால் இதே மாதிரி ஒரு எண்ணெயை ரெண்டு வருசத்துக்கு முந்தி நான்தான் என்ர சம்பளக் காசில வாங்கிக்கொண்டு வந்து அம்மாவின்ர முதுகில பூசினனான், ஒண்டரை மாசம் விடாமல் பூசினனான், அந்த ஒண்டரை மாசத்தில அவா என்ன பாடு பட்டவா எண்டது எங்கட வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். அதாலதான் இந்தக் கடிதம், அம்மாவின்ர வருத்தம் என்ன எண்டு கண்டுபிடிக்க ஒரு உளுந்தளவு தோல்த் துண்டுச் சோதினைக்கு நாங்கள் அலைஞ்ச கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். அம்மாவுக்கு அப்ப 54 வயசு. ரெண்டு மாடு, ஒரு மிளகாய்த் தோட்டம், காலபோகத்துக்கு வயல் எண்டு ஓடித் திரிஞ்ச மனிசி. வருத்தம் முதல் வந்தது தோலில இல்ல, வாயில. முரசிலயும் கன்னத்தின்ர உள்ப்பக்கத்திலயும் புண். ஒரு புண் ஆற முதல் பக்கத்தில இன்னொண்டு. உறைப்பு பட்டால் கண்ணால தண்ணி ஓடும், புளி பட்டால் எழும்பி வெளிய போயிடுவா, கடைசியில கஞ்சியை ஆறவிட்டு அதையும் கரண்டி நுனியால வைச்சுக் குடிச்சவா. நாலு மாசம். வெற்றிலையால வந்தது எண்டினம், வெற்றிலையை விட்டா. பல்லால வந்தது எண்டினம், ரெண்டு பல்லுப் புடுங்கினது. விற்றமின் பி குளிசை மூண்டு தரம் வாங்கிக் குடுத்தம். பரியாரியார் கிரந்தி எண்டு சொல்ல கத்தரிக்காய், இறால், நண்டு, அன்னாசி எல்லாம் நிப்பாட்டி அவா எலும்பும் தோலுமாய்ப் போனா.

பிறகுதான் உடம்பில பொக்களம் வந்தது. நெஞ்சில, முதுகில, தலைமயிருக்குள்ள. காத்துப் போன பலூன் மாதிரி தொளதொள எண்டு இருக்கும், சட்டை பட்டாலே உடையும், உடைஞ்ச இடம் மூடாது, சிவந்துபோய் நீர் வடிஞ்சுகொண்டே கிடக்கும். சனம் அம்மாள் வருத்தம் எண்டு சொல்லி வேப்பிலை கொண்டு வந்து தந்தது. வற்றாப்பளை அம்மனுக்கு நேத்தியும் வைச்சம். நேத்தி வைச்சதை நான் பிழை சொல்லேல்ல, அது அம்மாவுக்கு ஒரு மனத்தெம்பு. ஆனா அம்மாள் வருத்தம் எண்டால் காய்ச்சலோட வந்து ரெண்டு கிழமையில காஞ்சு பொருக்கு விழவேணும், இது ரெண்டு மாசமாய்ப் புதுசு புதுசாய் வந்துகொண்டே இருந்தது, அந்த ஒரு வித்தியாசத்தை நான் கவனிச்சிருக்கவேணும். பொருக்கும் நீரும் சேந்து படுக்கைத் துணியில ஒட்டிப்போடும், விடிய எழும்பேக்க தோலோட உரிஞ்சு வரும். ஷெல் காயத்தோட 2009ல முள்ளிவாய்க்காலால நடந்து வந்த மனிசி, அப்ப கூட அழாதவா, அந்தத் துணியை உரிக்கிற நேரம் குழறி அழுதா.

அப்ப எங்கட அம்மம்மா சொன்னவா வாழை இலையை அனலில வாட்டி அதில படுக்க விடு எண்டு. குருத்து இலையா எடுத்து வாட்டி ஆறவிட்டு, தேங்காயெண்ணெய் தடவிப் பாயில விரிச்சம். அண்டைக்குத்தான் அவா முதல்முதலா நித்திரை கொண்டா. பிறகு பெரிய டொக்டரிட்ட நான் வெக்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்ல, அவர் நல்ல வேலை செய்திருக்கிறியள் பிள்ளை, தோல் உரிஞ்ச ஆக்களுக்கும் நெருப்புக் காயத்துக்கும் ஒட்டாத கட்டுத்துணிக்குப் பதிலா இண்டைக்கும் வாழை இலை பாவிக்கிறவை, துப்புரவா வைச்சிருந்தாச் சரி எண்டவர். எங்கட ஊர் அறிவு எல்லாம் பிழை எண்டு சொல்ல வரேல்ல ஐயா. இலை ஆறுதல் தந்தது. நான் காசு குடுத்து வாங்கின அந்த எண்ணெய் எரிவைத்தான் தந்தது.

சரி, விசயத்துக்கு வாறன். பள்ளிக்கூடத்தில கூடப் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் சொல்லித்தான் வன்னிக்கு வெளிய ஒரு பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். விடிய நாலரைக்கு பஸ், பரந்தன் சந்தியில இறங்கி அடுத்த பஸ், சீற்றில சாய ஏலாமல் முன்கம்பியைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருந்தா. அந்த டொக்டர் கன கேள்வி கேக்கேல்ல. வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தவர், பிறகு பொக்களம் இல்லாத இடத்துத் தோலை விரலால மெல்ல அழுத்தித் தள்ளிப் பாத்தவர், ஈரக் கடதாசி மாதிரி மேல்தோல் வழுக்கிக்கொண்டு போனது. பெம்பிகஸ் மாதிரித் தெரியுது, சதை வெட்டிச் சோதிச்சுத்தான் உறுதியாச் சொல்லலாம் எண்டவர். நாலு மாசம் வாயைப் பாத்த ஒருத்தரும் சொல்லாத பேர் அஞ்சு நிமிசத்தில வந்தது. மற்றவையை நான் குறை சொல்லேல்ல, இது அருமையா வாற வருத்தம், ஒரு டொக்டர் தன்ர காலத்தில ஒண்டு ரெண்டு பேரைத்தான் காணுவார். ஆனா ஒரு விசயத்தை எல்லாரும் தெரிஞ்சு வைச்சிருக்கலாம்: இந்த வருத்தத்தில கனபேருக்கு வாய்தான் முதல், தோல் பிறகு. பல்லு டொக்டர்மாருக்கும் ஓபிடியில இருக்கிறவைக்கும் இதைத்தான் நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுறன், மூண்டு கிழமைக்கு மேல வாய்ப்புண் ஆறேல்ல எண்டால் நாலாவது தரம் விற்றமின் எழுதாதேங்கோ. புற்றுநோயோ எண்டு பாக்கிறதுக்கும் அந்தச் சதைச் சோதினைதான் வேணும், இதுக்கும் அதுதான் வேணும்.

பெம்பிகஸ் எண்டால் என்ன எண்டு அந்த டொக்டர் அம்மாவுக்கே விளங்கிறமாதிரிச் சொன்னவர். கிடுகு வேலி கட்டுறியள்தானே அம்மா, கிடுகெல்லாம் நல்ல கிடுகு, ஆனா ராவில ஆரோ வந்து கட்டுக் கயிறு முழுக்க அறுத்துவிட்டால் வேலி நிக்குமோ எண்டு கேட்டவர். தோலின்ர கலங்கள் ஒண்டை ஒண்டு பிடிச்சு வைச்சிருக்கிற புரதம்தான் அந்தக் கயிறு, டெஸ்மோகிளீன் எண்டு பேர், அதை அறுக்கிறது வெளியில இருந்து வந்த கிருமி இல்ல, கிருமியை எதிர்க்கவெண்டு எங்கட உடம்பே செய்யிற பிறபொருளெதிரி. பத்து வருசமாய்ப் பிள்ளையளுக்கு பிறபொருளெதிரி எங்களைக் காப்பாத்துது எண்டு படிப்பிச்சனான், அது ஆளையே மாறிக் கடிக்கும் எண்டதை அண்டைக்குத்தான் அம்மாவின்ர முதுகில பாத்தன். ஒருத்தரில இருந்து மற்றவருக்குத் தொத்தாது. அதைக் கேட்ட உடன அம்மா கேட்ட முதல் கேள்வி, அப்ப பேரப்பிள்ளையைத் தூக்கலாமோ எண்டது. அஞ்சு மாசமா அவா பிள்ளையைத் தொடேல்ல ஐயா. தட்டு, கோப்பை எல்லாம் தனிய வைச்சிருந்தவா. வெளிய சனம் ஒதுக்க முதல் தானே தன்னை ஒதுக்கி வைச்சிருந்தவா.

இனிச் சொல்லப் போறதுதான் இந்தக் கடிதம் எழுத முக்கிய காரணம். சதைச் சோதினை எண்டு சொன்னனே, அதுக்குத் திகதி கிடைக்கப் பிந்தும், இவ்வளவு தூரம் ஏன் அலையிறியள், உங்கட பக்கத்து ஆஸ்பத்திரியிலயும் வெட்டி எடுக்கலாம் எண்டு கடிதம் தந்துவிட்டினம். நாங்களும் சந்தோசமா வந்து கிட்ட உள்ள ஆஸ்பத்திரி ஒண்டில குடுத்தம். அங்க விறைக்கிற ஊசி போட்டு, வட்டக் கத்தியால ஒரு உளுந்தளவு தோல் எடுத்து, ஒரு தையல் போட்டு, பத்து நிமிசத்தில வேலை முடிஞ்சது, நோவும் பெரிசா இல்ல எண்டா. எடுத்த தோலை ஃபோர்மலின் எண்ட, சதை பழுதாகாமல் வைக்கிற மருந்துத் தண்ணிப் போத்தலுக்குள்ள போட்டினம். ஆறு கிழமையால வந்த ரிப்போட்டில கலங்கள் பிரிஞ்சிருக்கு, இம்யூனோஃபுளோரசன்ஸ் செய்து பாக்கவும் எண்டு எழுதியிருந்தது. அது ஒளிரும் சாயம் போட்டு தோலில பிறபொருளெதிரியைத் தேடுற சோதினை, அதுக்கு ஃபோர்மலினில போட்ட தோல் உதவாது. திரும்பவும் பஸ், திரும்பவும் பரந்தன் சந்தி, திரும்பவும் வெட்டு. அந்த ஆறு கிழமைக்குள்ள பொக்களம் தொடைவரைக்கும் வந்திட்டுது.

ஆரும் வேணுமெண்டு செய்த பிழை இல்ல இது, தெரியாமல் நடந்தது. ஆனபடியால் தெரிய வைக்கவேணும். ரெண்டு துண்டு எடுக்கவேணும். ஒண்டு புதுப் பொக்களத்தின்ர ஓரத்தில, அது ஃபோர்மலினுக்கு, கலங்கள் எந்த மட்டத்தில பிரியுது எண்டு பாக்க. மற்றது பொக்களத்தில இருந்து இல்ல, அதுக்குப் பக்கத்தில நல்லா இருக்கிற தோலில இருந்து, அது ஃபோர்மலின் பக்கமே போகக்கூடாது. அதுக்கு மிஷெல் மீடியம் எண்டு ஒரு திரவம் இருக்கு, அதில போட்டால் ஐஸ் இல்லாமலே நாள்க்கணக்கில பழுதாகாமல் கிடக்கும். அது இல்லாத இடத்தில சாதாரண சேலைன், எல்லா வாட்டிலயும் தொங்குற அதே சேலைன், அதில போட்டு 24 மணித்தியாலத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேத்தாலும் காணும். ஆய்வுகூடத்தில அதை மெல்லிசா வெட்டி ஒளிரும் சாயம் போட்டுப் பாக்கேக்க, ஐ.ஜி.ஜி. எண்ட பிறபொருளெதிரி கலங்களைச் சுத்தி மீன் வலை மாதிரிப் பச்சையாத் தெரிஞ்சால் பெம்பிகஸ். வலை மாதிரி இல்லாமல் மேல்தோலுக்கு அடியில ஒரே கோடாத் தெரிஞ்சால் அது பெம்பிகொயிட், வேற வருத்தம். வேலிக் கயிறு இல்ல, வேலியின்ர அடிக்கட்டைக்கும் நிலத்துக்கும் உள்ள பிடி விட்டுப்போறது. அதுதான் கனமா வயசு போன ஆக்களுக்கு வாறது, மாசக்கணக்கா கடியில சொறிஞ்சு சொறிஞ்சு பிறகுதான் இறுக்கமான பெரிய பொக்களம் வரும், வீட்டில ஆச்சிக்குத் தோல் காஞ்சுபோச்சு எண்டு விட்டிடுவினம். இந்த ரெண்டையும் 1953லதான் லீவர் எண்ட தோல் டொக்டர் வேறுவேறு எண்டு பிரிச்சவர், தோலுக்கு எதிரா உடம்பே பிறபொருளெதிரி செய்யுது எண்டதை 1964ல பியூட்னர், ஜோர்டன் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் காட்டினவை. அறுபது வருசத்துப் பழைய அறிவு ஐயா. சேலைன் போத்தலும் ஒரு பேனையும் ஒரு லேபிளும் இருந்தால் எங்கட வன்னிக்கும் அது வந்து சேரும்.

எங்கட ஊரில ஒரு நாய்க்கு விசர் எண்டு சந்தேகம் வந்தால் அதின்ர தலையை வெட்டி ஐஸ் பெட்டியில வைச்சு கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி முடிவு எடுக்கினம். நல்ல விசயம், அது உயிர் காக்கிற வேலை. சளிச் சோதினை போகுது, ரத்தம் போகுது. இந்தத் தோல்த் துண்டும் அதே வானில போகலாம். வடமாகாண சுகாதாரத் திணைக்களத்திட்டையும் அமைச்சிட்டையும் நான் கேக்கிறது இவ்வளவுதான்: சதை வெட்டி எடுக்கிற வசதி இருக்கிற ஒவ்வொரு வன்னி ஆஸ்பத்திரியிலயும் அந்த மிஷெல் திரவப் போத்தில் நாலு அஞ்சு இருக்கட்டும், எதை எதில போடவேணும் எண்டு ஒரு தாள் தமிழில எழுதி ஒப்பரேசன் தியேட்டர் சுவரில ஒட்டட்டும், எந்த ஆய்வுகூடத்துக்கு எந்தக் கிழமையில போகுது எண்டு ஒரு ஒழுங்கு இருக்கட்டும். தோல் உரிஞ்ச மனிசர் பஸ்ஸில போகாமல் தோல்த் துண்டு போகட்டும்.

மருந்தைப் பத்தியும் சொல்லவேணும், ஏனெண்டால் ரெண்டாவது தரம் அம்மாவை இழக்கப் பாத்தது அதில. பிரெட்னிசொலோன் எண்ட ஸ்ரீரொயிட் குளிசை. அம்மா அப்ப 50 கிலோ, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில 5 மி.கி. குளிசை பத்து, காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தரமாப் போடவேணும். பத்துக் குளிசையைக் கையில வைச்சுக்கொண்டு அவா என்னைப் பாத்த பார்வை இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. துவங்க முதல் சீனி, பிறசர், நெஞ்சுப் படம், மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் பாத்தவை. பூச்சி மருந்தும் தந்தவை, வயலில வெறுங்காலோட நிக்கிற ஆக்களின்ர உடம்பில ஒரு வகைப் பூச்சி வருசக்கணக்கா ஒளிச்சிருந்து ஸ்ரீரொயிட் போட்ட உடன பெருகி ஆளைக் கொல்லவும் கூடுமாம், எங்கட சனத்துக்கு இது எவ்வளவு முக்கியம் எண்டு பாருங்கோ. கூட, பிறபொருளெதிரி செய்யிறதை அடக்கிற அசதையோபிரின் குளிசை, கல்சியம். பத்து நாளில புதுப் பொக்களம் வாறது நிண்டது. ஒரு மாசத்தில அம்மா சோறு தின்டா, மீன் குழம்போட. 1950களில ஸ்ரீரொயிட் பாவனைக்கு வர முதல் இந்த வருத்தம் வந்த ஆக்களில கனபேர் சில வருசத்துக்குள்ள செத்துப் போனவை, அந்தக் காலத்தில எங்கட அம்மாவும் தப்பியிருக்க மாட்டா.

மூண்டாம் மாசம் முகம் உப்பினது, சீனி ஏறினது. சொந்தக்காரர் வந்து ஸ்ரீரொயிட் நஞ்சு, உள்ளுக்க எல்லாத்தையும் அரிச்சுப்போடும் எண்டு சொல்லிவிட்டுப் போச்சினம். எனக்குத் தெரியாமல் அம்மா குளிசையை ஒரேயடியா நிப்பாட்டிப்போட்டா, கிளினிக் கொப்பியைப் பெட்டிக்கடியில வைச்சிட்டா. அஞ்சாம் நாள் சத்தி, தலைச்சுத்து, கிணத்தடியில விழுந்து கிடந்தா. 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு அது வந்துதான் உயிர் தப்பினது. கனநாள் வெளியில இருந்து ஸ்ரீரொயிட் எடுத்தால் உடம்பு தானே செய்யிறதை விட்டிடும், திடீரெண்டு நிப்பாட்டினால் ரெண்டும் இல்லாமல் பிறசர் விழுந்திடும், அதாலதான் டொக்டர்மார் கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்கில குறைக்கிறவை. இப்பிடி ஆரும் வீட்டில குளிசை எடுத்தால் தயவுசெய்து ஒரு நாளும் தாங்களா நிப்பாட்ட விடாதேங்கோ, கிளினிக் திகதி தவறி மருந்து முடிஞ்சாலும் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொப்பியைக் கொண்டு ஓடுங்கோ. இப்ப அம்மா ஒரு நாளைக்கு ஒரு குளிசையில நிக்கிறா. திரும்ப வந்தால் ரிட்டுக்சிமாப் எண்டு சேலைனோட ஏத்துற மருந்து இருக்கு எண்டு சொன்னவை, 2018ல அமெரிக்காவில இந்த வருத்தத்துக்கெண்டு அனுமதி குடுத்தது, ஆனா விலை கூடின மருந்து. இதுவரைக்கும் தேவைப்படேல்ல.

இதே கிளினிக் வாங்கில எங்களோட குந்தியிருந்த ஒரு பிள்ளையையும் சொல்லவேணும், இருவது வயசு கூட இல்ல. முகத்தில ரெண்டு கன்னமும் மூக்கும் சேத்து வண்ணாத்திப் பூச்சி மாதிரிச் சிவப்பு, தலைமயிர் கொட்டுண்டு, கைமூட்டெல்லாம் நோ. வெயிலில கச்சான் புடுங்கப் போய் வந்த கறுப்பு எண்டு ஒரு வருசம் முகக் கிறீம் பூசியிருக்கினம். லூப்பஸ், அதுவும் உடம்பே தன்னைத் தாக்கிற வருத்தம். பத்து நோயாளியில ஒம்பது பேர் பொம்பிளையள், அதுவும் பிள்ளை பெறுற வயசில. தோலோட நிண்டால் பரவாயில்ல, அது சிறுநீரகத்துக்கும் போகும், நோவில்லாமல் போகும், சலத்தில புரதம் போகுதோ எண்டு ஒரு சின்னச் சோதினையிலதான் தெரியும். அந்தப் பிள்ளைக்கு நேரத்தோட பிடிபட்டுது. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசை, தொப்பி, நீளக்கைச் சட்டை, வருசத்துக்கு ஒருக்கா கண் சோதினை எண்டு போகுது. முகச் சிவப்போட மூட்டு நோவும் மயிர்க் கொட்டலும் சேந்து வந்தால் கிறீம் வாங்க பாமசிக்குப் போகாதேங்கோ.

கிறீம் எண்ட உடன பாமசிக்காரர் கோவிக்கக்கூடாது. படை எண்டு காட்டினால் டொக்டரின்ர துண்டு இல்லாமலே ஸ்ரீரொயிட் கலந்த கிறீமைத் தூக்கித் தாறது எங்க பாத்தாலும் நடக்குது. ரெண்டு நாளில கடி நிக்கும், படை உள்ளுக்குள்ள பரவும், பிறகு வந்து பாக்கிற டொக்டருக்கு அது படையோ வேற ஏதோ எண்டு கண்டு பிடிக்க ஏலாமல் உருவம் மாறிப்போயிடும். அதே வகை ஸ்ரீரொயிட் கிறீம்தான் குளோபெட்டாசோல், அது பெம்பிகொயிட் வந்த வயசான ஆக்களுக்கு, குளிசையே இல்லாமல் உடம்பு முழுக்கப் பூசி வருத்தத்தை அடக்கிற அருமையான மருந்து. கிறீமில பிழை இல்ல, என்ன வருத்தம் எண்டு தெரியாமல் பூசிறதுதான் பிழை. அதாலதான் திரும்பத் திரும்ப அந்த உளுந்தளவு தோலைப் பத்திக் கதைக்கிறன்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ரெண்டு கேள்வி. ஒண்டு, எல்லாத் தோல் வருத்தத்துக்கும் ஒரே மருந்து எண்டு வாற விளம்பரத்தைப் போடாமல் விட ஏலாதோ? பேப்பருக்கு விளம்பரக் காசு எவ்வளவு தேவை எண்டு எனக்கு விளங்குது. ஆனா எங்கட பக்கம் பேப்பரில வந்தால் அது உண்மை எண்டு நம்பிற சனம், நானும் அப்பிடி நம்பித்தான் வாங்கினனான். ரெண்டாவது, மாசத்தில ஒருக்கா ஒரு தோல் டொக்டரைக் கொண்டு கால் பக்கம் எழுத வையுங்கோ. வெண்புள்ளி தொத்தாது, அது குட்டரோகம் இல்ல, அதுக்காகக் கலியாணத்தைக் குழப்பாதேங்கோ எண்டதையும், தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் எண்டால் அதுதான் குட்டரோகமா இருக்கலாம், ஒளிக்காமல் போனால் காசில்லாமல் முழுசா மாத்தலாம் எண்டதையும் அவர் எழுதினால், எங்கட ஊரில ஒளிச்சுக்கொண்டு இருக்கிற நாலு பேர் எண்டாலும் வெளிய வருவினம்.

இடம் காணாட்டில் கடிதத்தைச் சுருக்குங்கோ, அம்மாவின்ர கதையைக் கூட வெட்டுங்கோ, அவா கோவிக்க மாட்டா, இதை வாசிச்சுக் காட்டித்தான் அனுப்பிறன். ஃபோர்மலினைப் பத்தியும் ரெண்டு துண்டைப் பத்தியும் எழுதின பந்தியை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் போடுங்கோ. அடுத்த கிளினிக் வாற கிழமை, அந்தப் பேப்பரை டொக்டரிட்டக் கொண்டுபோய்க் காட்டவேணும் எண்டு அம்மா சொல்லியிருக்கிறா.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி,
முல்லைத்தீவு மாவட்டம்.